பத்துச் சுற்று, ஒரு பார்வை

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு நாற்பத்தியோராம் நம்பர் கல் என் மூன்று விரல்களுக்கு அடியில் இருந்தது. கல் என்று பழக்கத்தில் சொல்கிறேன். கடுகில் பாதிகூடத் தேறாது. ஒரு சின்ன உலோக உறைக்குள் அந்தத் தூள். உறை ஒரு வெள்ளைக் கட்டிக்குள். கட்டி, கோட்டுப் பொத்தான் அளவுள்ள ரெசின் வில்லைக்குள். கண்ணாடிப் பலகையின்மேல் உப்புத்தாளை விரித்து, தண்ணீர் தெளித்து, வில்லையை அமுக்கி, எட்டுப் போடுகிற மாதிரி தேய்க்க வேண்டும். பத்துச் சுற்று தேய்த்தால் ஒரு முறை தூக்கித் துடைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். முதலில் வெள்ளை தெரியும். பிறகு உலோகம் மினுங்கும். அதன்பிறகு உறையின் வயிறு திறந்து உள்ளே இருப்பது தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். நிறுத்தத் தவறினால், யாரோ ஒருவர் ஒரு மாதம் உட்கார்ந்து செய்த வேலை ஒரே நிமிடத்தில் சேற்றுத் தண்ணீராகித் தொட்டியில் இறங்கிவிடும்.

அப்படி இறங்கிப்போனவற்றுக்கு எங்கள் அறையில் மூடி போட்ட கண்ணாடி ஜாடி ஒன்று உண்டு. அதற்குச் சொர்க்கம் என்று பெயர். அரைத்துத் தொலைத்தவர் பெயரைச் சீட்டில் எழுதி, வெறும் வில்லையின் முதுகில் ஒட்டி, அதற்குள் போட்டுவிடுவார்கள். இந்த ஆய்வுக்கூடத்தை நடத்துகிற பெரியவரின் பெயர்கூட அதில் மஞ்சளாகிப்போன ஒரு சீட்டில் இருக்கிறது. இங்கேயே ஆராய்ச்சி செய்கிற என் அக்காவின் பெயர் ஒன்று. மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர் பெயரில் மட்டும் மூன்று. எதைத் தொட்டாலும் "மெதுவா, மெதுவா" என்பதால் எல்லோரும் அவரை மெதுவா என்றே கூப்பிடுகிறார்கள். எனக்கு மெதுவாண்ணன்.

"உன் பேரு இன்னும் இதுல ஏறல, தங்கச்சி," என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது ஜாடியைக் குலுக்கிக் காட்டுவார். "ஏறாம இந்த ரூமை விட்டு யாரும் போனதில்ல. அவசரமில்ல. சொர்க்கத்துல எப்பவும் இடம் இருக்கு."

நான் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன். எனக்கு வேலை இடத்தில் பேச்சு வராது. வீட்டிலும் வராது. அதனால்தான் அம்மா என்னை வாயாடி என்று கூப்பிடுவாள்.

பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றவள் நான். அம்மாவின் நுரையீரல் கெட்டுப்போனபோது வீட்டில் ஒருவர் இருக்க வேண்டியிருந்தது. அப்பா நாங்கள் சின்னவர்களாக இருந்தபோதே போய்விட்டார். அக்கா அப்போது கல்லூரியில் இருந்தாள். அவள் படிப்பை நிறுத்துவது என்ற பேச்சு எழவில்லை. என் படிப்பை நிறுத்துவது என்ற பேச்சும் எழவில்லை. ஒரு திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் போகவில்லை, அவ்வளவுதான். அப்புறம் ஏழு வருடம் போகவில்லை. அம்மா போன பிறகு, "வீட்ல உட்கார்ந்து சுவத்தைப் பார்த்துட்டு இருக்காத, குட்டி," என்று சொல்லி அக்காதான் என்னை இங்கே சேர்த்துவிட்டாள். கூட்டுவது, கழுவுவது, பட்டை வெட்டுவது, பசை போடுவது. மூன்று மாதத்தில் உப்புத்தாள் வேலையும் கைக்கு வந்துவிட்டது. என் கை பதறாது. மூச்சுத் திணறுகிறவளுக்கு ஏழு வருடம் ஸ்பூனில் தண்ணீர் கொடுத்த கை.

இந்த இடத்தில் என்ன செய்கிறார்கள் என்று ஆரம்பத்தில் எனக்கு விளங்கவில்லை. பூமிக்குள் ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டர் ஆழத்தில் கல் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாதாம். யாரும் அங்கே போக முடியாது. ஆகையால் அங்கே இருக்கிற பாரத்தையும் சூட்டையும் இங்கே, இரண்டு ஆள் உயர பிரஸ்ஸுக்குள் கொண்டுவருகிறார்கள். எட்டு உலோகக் கட்டைகள் எட்டுப் பக்கமிருந்தும் ஒரு சின்னத் துண்டை நெருக்கும். ராத்திரி முழுக்க அழுத்தம் ஏறும். காலையில் சூடு போடுவார்கள். சூட்டைச் சட்டென்று அணைத்துவிட்டு, அழுத்தத்தை மறுபடி ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள். உள்ளே போகும்போது வெளிறிய பச்சையாக இருந்த தூள், வெளியே வரும்போது நீலமாக இருக்கும். அந்த நீலத்தை முதல் தடவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது வெகு நேரம் கண்ணை எடுக்கவில்லை. மைப்புட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரு நீலம், ஒரு புள்ளிக்குள்.

"சூடு பிடிச்சா பத்து நிமிஷத்துல நீலம்," என்றார் மெதுவாண்ணன். "பிடிக்கலைன்னா யானையே ஏறி உட்கார்ந்தாலும் பச்சை பச்சையாத்தான் கிடக்கும். வெறும் அழுத்தம் ஒண்ணும் பண்ணாது."

"சூடு எதுக்குப் பிடிக்காம போகும்?" அது நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி.

"உள்ள ஒரு குழாய் இருக்கு பாரு, பேப்பர் கனத்துக்கு. அது உடைஞ்சா போச்சு. சில சமயம் ஸ்விட்சைப் போட்ட ரெண்டாவது நிமிஷமே உடையும். மீட்டர் முள்ளு படுத்துடும். அப்புறம் நாள் பூரா அது பக்கத்துல இருந்து என்ன பண்ண? இறக்கத்துல போட்டுட்டு வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டியதுதான். இறங்குறதை மெஷினே பார்த்துக்கும்."

"சூடு பிடிச்சா?"

"அப்ப அசையக் கூடாது. இது கிழட்டு மெஷின். சூட்டை ஆளுதான் பார்த்து, அரை மணிக்கு ஒரு தடவை எழுதணும். கண்ணை எடுத்தா உருகிடும்."

அசையக் கூடாது என்ற அந்த ஒரு சொல்லை அன்று நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். சாப்பிடும்போதும் அதை நினைத்துக்கொண்டேன். எனக்கு அது வேண்டியிருந்தது.

அம்மா போனது ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்தே மூச்சு வேறு மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் வாசலுக்கு என்னைக் கூப்பிட்டு, "வர வேண்டியவங்களை வரச் சொல்லிடும்மா," என்றாள். வர வேண்டியவள் ஒருத்திதான். மணி பத்தாக இருபது நிமிடம் இருக்கும்போது அக்காவுக்குப் போன் போட்டேன்.

"சூடு போயிட்டிருக்கு, குட்டி," என்றாள். அவள் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "ஒம்பது மணிக்குப் போட்டது. மூணு மணி வரைக்கும் அசைய முடியாது. மூணு அடிச்சதும் கிளம்பிடறேன். அதுவரைக்கும் பார்த்துக்க. பார்த்துப்பியா?"

பார்த்துக்கொள்வதைத் தவிர நான் வேறு என்ன செய்திருக்கிறேன்? சரி என்றேன்.

அம்மா கண்ணைத் திறந்து, "வந்துட்டாளா?" என்றாள்.

"சூட்டுல இருக்காம்மா. பாதியில எடுக்க முடியாதாம்."

அம்மா இருபது வருடம் ஒரு விடுதிச் சமையலறையில் நின்றவள். அக்காவின் வேலையை அவள் கடைசிவரைக்கும் ஒரு பெரிய சமையல் என்றே புரிந்துவைத்திருந்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் காற்றைத் தேடிக்கொண்டு சொன்னாள்: "அடுப்புல வெச்சதை விட்டுட்டு எப்படி வருவா... தீஞ்சிடும்ல... முடிச்சுட்டே வரட்டும்." கொஞ்ச நேரம் கழித்து, "பசியோட வருவா," என்றாள். அதற்கப்புறம் பேசவில்லை. ஒன்று இருபதுக்கு எல்லாம் முடிந்தது. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி ஆவதற்காகக் காத்திருந்தேன். மூன்று அடித்ததும் கிளம்பிவிடுவதாக அவள் சொல்லியிருந்தாளே, நடுவில் சொல்லி அவள் கையை ஏன் பதற வைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வந்துபோன ஒவ்வொருவரிடமும் அக்கா ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னாள். "சூட்டுல இருந்துச்சு. விட முடியல." பெரியம்மாவிடம் சொன்னாள். எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னாள். யாரும் கேட்காதபோதும் சொன்னாள். ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே குழாயிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா தன்னைக் கேட்டாளா என்று மட்டும் என்னிடம் அவள் கேட்கவே இல்லை.

அன்று பிரஸ்ஸில் இருந்ததுதான் நாற்பத்தியோராம் நம்பர். மறுநாள் மெதுவாண்ணன் அதை வெளியே எடுத்து, பையில் போட்டு, தேதி எழுதி அக்காவின் இழுப்பறையில் வைத்திருந்தார். நான்கு மாதம் அது அங்கேயே கிடந்தது. பெரியவர் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பார். "பார்த்துக்கலாம் சார்," என்பாள் அக்கா. அந்தத் தேதியைப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை என்றுதான் நான் நினைத்தேன். எனக்கே வரவில்லை. ஆனால் போன வாரம், அக்கா இல்லாத நேரமாகப் பார்த்து, பெரியவர் பையை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்.

"உங்க அக்கா கஷ்டம் எனக்குப் புரியுதும்மா. அதான் உங்கிட்ட தரேன். வரிசையில இது ஒண்ணுதான் பாக்கி. இதை வெச்சுத்தான் கட்டுரையே முடியும். நீயே ரெசின் போட்டு, திறந்து வெச்சிடு. அவ கையால திறக்க வேணாம்."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. வியாழக்கிழமை அக்கா வெளியூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தாள். மூன்று மணிக்குத்தான் வருவாள். அதற்குள் திறந்து, மெருகு போட்டு, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்துவிட வேண்டும். வந்ததும் ஒன்றும் சொல்லாமல் அவளை நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். அவள் குனிந்து பார்ப்பாள். நீலம் தெரியும். பார்த்தியா, இதுக்காகத்தான் நீ அங்க இருந்த, என்று நான் சொல்ல வேண்டியதே இல்லை. நீலமே சொல்லிவிடும். எனக்கும் சேர்த்துச் சொல்லிவிடும்.

பத்துச் சுற்று. வெள்ளை. பத்துச் சுற்று. வெள்ளை. பத்துச் சுற்று. ஓரத்தில் ஒரு மினுக்கம். இனி ஐந்தைந்தாகத்தான் தேய்க்க வேண்டும். ஐந்து. உலோகம் ஒரு நூல் மாதிரி வளைந்து தெரிந்தது. ஐந்து. நூல் வளையமானது. வளையத்துக்குள் என்னவோ இருந்தது. துடைத்தேன். விளக்கைத் திருப்பினேன். லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

பச்சை.

வெளிறிய பச்சை. போட்ட தூள் போட்டபடியே இருந்தது. ஒரு துகள்கூட மாறியிருக்கவில்லை. நெருங்கி இறுகி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நொறுங்கிக் கிடந்தது, ஆனால் பச்சை. இந்தக் கல் சூட்டையே கண்டதில்லை. ஒன்பது மணிக்கு ஸ்விட்சைப் போட்டு, அடுத்த சில நிமிடத்தில் முள் படுத்திருக்கிறது. நான் போன் செய்தது அதற்கு அரை மணிக்கு மேல் கழித்து.

எழுந்து போய் அலமாரியிலிருந்து பிரஸ் நோட்டை எடுத்தேன். அந்தத் தேதி. அக்காவின் குண்டுக் கையெழுத்து. ஒன்பதரை, பத்து, பத்தரை என்று மூன்று மணி வரைக்கும் ஒரு வரி விடாமல் எழுதியிருந்தாள். எல்லா வரியிலும் ஒரே எண். மற்ற நாட்களில் ஒரு நாளும் எண் இப்படி நின்றதில்லை, இரண்டு கூடும், மூன்று குறையும். ஒன்றரை மணிக்கு எதிரே, எண்ணுக்குப் பக்கத்தில், "சீராக இருக்கிறது" என்று எழுதியிருந்தாள். அந்த நேரத்தில் அம்மாவின் கை என் கைக்குள் ஆறிக்கொண்டிருந்தது.

அணைந்துபோன மெஷினுக்கு முன்னால் ஆறு மணி நேரம் உட்கார்ந்து, அரை மணிக்கு ஒரு தடவை எழுதியிருக்கிறாள்.

வில்லையைத் துடைத்து மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தேன். விளக்கைச் சரி செய்தேன். வரட்டும், வந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன். பெரியவரும் பார்க்கட்டும். நோட்டை விரித்துப் பக்கத்தில் வைத்தேன். இத்தனை கோபம் எனக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. காது மடல் சுட்டது.

அப்படியே உட்கார்ந்திருந்தபோது தீப்பெட்டிகள் ஞாபகம் வந்தன. அம்மா இருந்தவரைக்கும் அக்கா வாரா வாரம் வீட்டுக்கு வருவாள். மாத்திரையை அடுக்குவாள், மூச்சு மெஷினின் பில்டரைக் கழுவுவாள், டாக்டரிடம் சண்டை போடுவாள். ஆனால் அம்மாவுக்குத் திணறல் ஆரம்பித்தால், "தெருமுனை வரைக்கும் போயிட்டு வரேன், தீப்பெட்டி இல்ல," என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். திணறல் அடங்கிய பிறகுதான் வருவாள். கையில் ஒரு தீப்பெட்டி இருக்கும். அம்மா போன பிறகு அலமாரியை ஒழித்தபோது பதினொரு தீப்பெட்டி இருந்தது, ஒன்றும் பிரிக்காதது. அம்மாவுக்கு அது தெரியும். "பயந்தாங்கொள்ளி," என்று சிரிப்பாள், சிரிக்க மூச்சு இருக்கிற நாட்களில். எத்தனை டன் பாரத்தை ஏற்றினாலும் கல்லின் பக்கத்தில் அக்காவால் உட்கார முடியும். அம்மா ஒரு மூச்சுக்குத் தவிப்பதைப் பார்க்க முடியாது.

அன்று அவளுக்குத் தெருமுனை பிரஸ் ரூம்தான்.

சூட்டுல இருந்துச்சு, விட முடியல என்ற அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவள் நான்கு மாதமாக நின்றுகொண்டிருக்கிறாள். இந்தப் பச்சையை அவள் குனிந்து பார்க்கும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும். அவள் பிடரி தெரியும். அம்மாவுக்கு இருந்த அதே பிடரி.

வில்லையை எடுத்து உப்புத்தாளில் வைத்தேன். எண்ணவில்லை. பார்க்கவும் இல்லை. தாள் மழுங்கியதும் வேறு தாள் போட்டேன். அது மழுங்கியதும் மூன்றாவது. பாசத்தில் அரைத்தேனா கோபத்தில் அரைத்தேனா என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. விரல் நுனி தோல் உரிந்து எரிந்தது. கடைசியில் துடைத்துப் பார்த்தபோது உறையும் இல்லை, கட்டியும் இல்லை. கண்ணாடி மாதிரி மெல்லிய ரெசின் மட்டும், நடுவில் என் ரேகை தெரிந்தது.

மெதுவாண்ணன் டீயோடு வந்தார். வில்லையைப் பார்த்தார். தட்டில் கிடந்த மூன்று உப்புத்தாள்களைப் பார்த்தார். ஒரு கல்லைத் தெரியாமல் தொலைக்க அரைத் தாளே போதும். விரித்துக் கிடந்த நோட்டையும் பார்த்தார்.

"ஏறிடுச்சா உன் பேரு," என்றார். குரலில் கிண்டல் இல்லை. நோட்டை மூடி அலமாரியில் வைத்தார். மூன்று தாள்களையும் சுருட்டிக் குப்பையில் போட்டு, மேலே ஒரு காகிதத்தைக் கசக்கிப் போட்டார். "மூஞ்சியைக் கழுவிட்டு வா. ரெசின் அப்பியிருக்கு." என் முகத்தில் ரெசின் இல்லை.

அக்கா மூன்றேகாலுக்கு வந்தாள். கல்லை என்னிடம் தந்ததை வரும் வழியிலேயே பெரியவர் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். பையைத் தோளிலிருந்து இறக்காமலே மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

"திறந்துட்டியா?"

"அரைச்சுட்டேன்க்கா."

"எவ்வளவு?"

"எல்லாம் போச்சு. எண்ண மறந்துட்டேன்." வில்லையை நீட்டினேன்.

அவள் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பினாள். திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் மார்பு ஒரு தடவை பெரிதாக ஏறி இறங்கியது. எத்தனையோ நாள் அடக்கிவைத்திருந்த மூச்சு மாதிரி இருந்தது. மெதுவாண்ணன் தொட்டியில் முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவிய டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

"போறதுக்கு முன்னாடி பார்த்தியா?"

"பார்த்தேன்."

"என்ன கலர்?"

"நீலம்," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நல்ல நீலம்க்கா. ஓரத்துல கொஞ்சம் லேசா. நடுவுல அடர்த்தியா, மை மாதிரி. நிறைய இருந்துச்சு. என் தப்புதான்."

நான் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி அவள் கேட்டதே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையை எடுத்து, உரிந்த விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். தண்ணீர்க் குழாய் நின்றது. மெதுவாண்ணன் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

"அன்னிக்கு," என்று அக்கா ஆரம்பித்தாள். "அன்னிக்கு அம்மா என்னைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"சூட்டுல இருக்கன்னு."

"அம்மா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அது என்னுடையது இல்லை, அவளுக்குச் சேர வேண்டியது. நான்கு மாதமாக என்னிடம் கிடந்தது. "அடுப்புல வெச்சதை விட்டுட்டு எப்படி வருவா, முடிச்சுட்டே வரட்டும்னாங்க. பசியோட வருவான்னாங்க."

அக்கா நாற்காலியைத் தேடாமல் அப்படியே மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுப்பு பத்தவே இல்லடி, குட்டி," என்றாள்.

தெரியும் என்று நான் சொல்லவில்லை. ஒரு சீட்டைக் கிழித்து, என் பெயரை எழுதி, பின்னால் பசை தடவினேன். அலமாரியிலிருந்து ஜாடியை இறக்கினேன். அக்கா வில்லையைத் தரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள், உள்ளே இன்னும் ஏதாவது ஒரு துகள் தங்கியிருக்குமா என்று தேடுகிற மாதிரி. வெயில் அதற்குள் நுழைந்து, அவள் ஈரக் கன்னத்தில் ஒரு பொத்தான் அளவுக்கு விழுந்து நடுங்கியது. நான் ஜாடியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.